கண் வங்கின்னு நான் சொல்லல

பாப்பா,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கப் போறதில்ல. நேத்து சாயங்காலம்தான் போன்ல கேட்டேன், நீயும் நல்லா இருக்கேன்னு சொன்ன. இப்ப சொல்ல வந்தது வேற. அப்பாகிட்ட சொல்லாதம்மான்னு நீ சத்தியம் வாங்காத குறையா கெஞ்சினியே, அத நான் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சு வந்து, சோறு போடறதுக்கு முன்னாடி அவர உக்கார வச்சு ஒண்ணு விடாம சொல்லிட்டேன். கண் வங்கியிலேருந்து வருது, யாரோ செத்துப்போனவங்க குடுத்ததுன்னு நான் சொல்லல. உன் கண்ணுலேருந்து எடுத்து அவரு கண்ணுல வைக்கப் போறாங்கன்னுதான் சொன்னேன். இத வாசிச்ச உடனே எனக்கு போன் பண்ணத் தோணும். பண்ணாத. போன்ல நீ ரெண்டு நிமிஷம் அழுவ, அப்புறம் இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொல்லி என் வாய அடச்சிடுவ. அதுக்குத்தான் எழுதறேன். அப்பா என்ன சொன்னாருன்னு பாக்கக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாத. பரீட்சைப் பேப்பர் வந்தா தப்பு எதுன்னு பாக்காம மார்க்க மட்டும் பாக்கற ஆளு நீ, எனக்குத் தெரியாதா.

இத உன்னத் தவிர வேற யாரு வாசிச்சாலும் எனக்குக் கவலை இல்ல. நாளைக்கு மாப்பிள்ளை வாசிக்கலாம், சம்பந்தி அம்மா வாசிக்கலாம், இதே மாதிரி ஒரு எடத்துல மாட்டிக்கிட்டு முழிக்கற இன்னொரு பொம்பள வாசிக்கலாம். அதனால உனக்குத் தெரிஞ்சதையும் சேத்தே எழுதறேன். உனக்குத் தெரிஞ்சதா நீ நெனச்சுக்கிட்டு இருக்கறதுல பாதி உனக்குத் தெரியாது. நீ பெங்களூர்ல லேப்ல உக்காந்திருந்தப்ப இங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நானும் சொன்னதில்ல, நீயும் தோண்டித் துருவிக் கேட்டதில்ல.

அப்பாவுக்குச் சுண்ணாம்பு பட்ட அன்னிக்கு நீ இங்க இல்ல. இறால் குட்டைய வடிச்சுக் காயவச்சு, அடுத்த குஞ்சு விடறதுக்கு முன்னாடி அடிமண்ணுல சுண்ணாம்புத் தூள் தூவுவாங்கல்ல, அந்த வேலை. கூட நெடுங்காட்டுலேருந்து வர்ற ரெண்டு ஆளுங்க. காத்துக்கு முதுகு காட்டித் தூவணும்னு அவங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே உங்கப்பாதான். கடல் காத்து எப்ப திரும்பும்னு யாரு கண்டா. ஒரு கை அள்ளி வீசினப்ப அப்படியே திருப்பி மூஞ்சியில அடிச்சிருக்கு. கூட இருந்த தம்பி ஒருத்தன் தான் குடிக்க வச்சிருந்த தண்ணி பாட்டிலத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருக்கான். உங்கப்பா அவன் கையத் தட்டிவிட்டு, "தண்ணி ஊத்தாதடா, கொதிச்சிடும்"னு கத்தியிருக்காரு. நீத்தாத சுண்ணாம்புல தண்ணி பட்டா ட்ரம்மு எப்படிப் பொங்கும்னு வருஷம் பூரா பாக்கறவங்க இல்லையா, அந்த ரெண்டு பேருக்கும் அது நியாயமாத்தான் பட்டிருக்கு. பக்கத்துல இருந்த வீட்டுல தேங்கா எண்ணெய் வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஊத்தி, லோடு ஆட்டோவுல போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. ஒண்ணும் தெரியாதவங்க நாலு பேரு அங்க இருந்திருந்தா தண்ணியத்தான் ஊத்தியிருப்பாங்க. சுண்ணாம்புக் கூடவே பழகினவங்களா போனதால அந்தக் கண்ணுக்குத் தண்ணி கெடைக்கல.

எனக்குச் சுண்ணாம்பு பத்தி ஒண்ணும் தெரியாது. வாசல்ல வந்து எறங்கினப்ப எண்ணெய்யும் வெள்ளையுமா அந்த மூஞ்சியப் பாக்க முடியல. அவரு வேண்டாம் வேண்டாம்னு கத்தக் கத்த, பின்கழுத்தப் புடிச்சு கொல்லைப்பக்கத்து பைப்புக்கு அடியில தள்ளித் தொறந்துவிட்டேன். என் கோவம் உனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில போயும் அதையேதான் செஞ்சாங்க, பாட்டில் பாட்டிலா ஊத்திக் கழுவிக்கிட்டே இருந்தாங்க. அந்த டாக்டர் திட்டவெல்லாம் இல்ல. மூட்டைச் சுண்ணாம்புக்குத்தான் கொதி பயம், கண்ணுல விழுந்த தூளுக்குத் தண்ணிதான் மருந்து, விழுந்த எடத்துலயே ஊத்தியிருக்கணும்னு மட்டும் சொன்னாரு. உங்கப்பா அதக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தாரு. வலது கண்ணு அன்னியோட சரி. இடது கண்ணுல வெளிச்சம் தெரியும், முன்னாடி கைய ஆட்டினா நெழல் மாதிரி தெரியும். அவ்வளவுதான் மிச்சம்.

இனிமே எழுதறதுதான் உனக்குத் தெரியாதது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்ல நீ லீவு போட்டு வந்த. அப்பா உன் கையப் புடிச்சுக்கிட்டு, "பாக்க எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாரு. நீ கொஞ்சமும் யோசிக்காம, "நல்லாத்தாம்ப்பா இருக்கு, லேசா செவந்திருக்கு, அவ்வளவுதான்"ன்ன. நான் அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு கண்ணும் சுவரு மாதிரி வெளுத்து, மேல செவப்பு நரம்பு ஓடிக்கிடந்துச்சு. நீ சொன்னத நம்பி அவரு கறுப்புக் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டாரு. நீ ஊருக்குப் போன பிறகு சொந்தத்துல ஒரு ஞானஸ்நான விருந்து வந்துச்சு. கண்ணாடி போடாமத்தான் வந்தாரு. அங்க ஒரு வாண்டு, மூணு வயசு இருக்கும், இவரு மடியில உக்கார வைக்கலாம்னு யாரோ தூக்கியாந்தாங்க. அது மூஞ்சியப் பாத்துட்டு வீல்னு கத்தி அவங்கம்மா கழுத்தக் கட்டிக்கிச்சு. பிரியாணி பரிமாறிக்கிட்டிருந்தவங்ககூட நின்னுட்டாங்க. அந்த அமைதியிலயே உங்கப்பாவுக்குப் புரிஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புக் கண்ணாடியத் தடவி எடுத்து மாட்டிக்கிட்டாரு. அப்புறம், "பாப்பா என்கிட்ட பொய்யா சொன்னா?"ன்னாரு. உன் மேல கோவப்பட்டாருன்னு நெனைக்காத. "புள்ள பயந்திருக்கும், பாவம்"னுதான் சொன்னாரு. அந்தப் புள்ளையச் சொன்னாரா, உன்னச் சொன்னாரான்னு எனக்கு இன்னும் தெரியல. அப்புறம் என்னப் பக்கத்துல உக்காரச் சொல்லி ஒண்ணு கேட்டாரு. "நீ சொல்றத வச்சுத்தான் இனிமே நான் இருந்தாகணும். நல்லதோ கெட்டதோ, உள்ளத உள்ளபடி சொல்லு. நீயும் பொய் சொன்னா நான் எதப் புடிச்சுக்கிட்டு நடக்கறது?"ன்னாரு. சரின்னேன். அன்னியிலேருந்து அப்படித்தான் இருக்கேன். சட்டையில கறை போகலன்னா போகலன்னு சொல்வேன். கடைத்தெருவுல தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இவரப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி எதுத்த பக்கம் நழுவினா, அதையும் சொல்வேன். சிரிச்சுக்குவாரு. வீடியோ கால்ல நீ எளச்சுத் தெரிஞ்சா, நீ பக்கத்துல இல்லாதப்ப எளச்சுட்டான்னு சொல்லிடுவேன். நீ நல்லா சாப்பிடறேன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அவரு பேசாம இருக்கறது அதனாலதான்.

பிறகு நீ உன் படிப்பையே அதுக்குத் திருப்பின. அது எனக்குப் பெருமைதான், சொல்லாம என்ன. போன தடவை வந்தப்ப கட்டில்ல அப்பா பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து பாடம் நடத்தினது ஞாபகம் இருக்கா? கருவிழிக்கும் வெள்ளைவிழிக்கும் நடுவுல சுத்திவர ஒரு விளிம்பு இருக்கு, அங்கதான் ஸ்டெம் செல் இருக்கு, கண்ணோட மேல்தோல் தேஞ்சு உதிர உதிர அதுதான் புதுசு புதுசா உண்டாக்கி நடுவுக்கு அனுப்பிக்கிட்டே இருக்குன்ன. "வரப்பு மாதிரியா?"ன்னாரு அப்பா. "அப்படியே வச்சுக்கப்பா. சுண்ணாம்பு அந்த வரப்ப எரிச்சிடுச்சு. அதனாலதான் வெள்ளைப் பக்கத்துத் தோலும் ரத்தக்குழாயும் உள்ள ஏறி மூடிடுச்சு. இப்ப வெறும் கருவிழிய மட்டும் மாத்தி வச்சா நிக்காது, மேல போத்தறதுக்குச் செல்லு இல்ல"ன்ன. "உப்புத்தண்ணி ஏறின வயலு"ன்னு சொல்லிட்டு அவரு மேல சொல்லச் சொன்னாரு. எனக்கு உலையில அரிசி கொதிக்குது, ஆனா எழுந்து போக மனசு வரல.

அப்பதான் அப்பா கேட்டாரு, அந்தச் செல்லுக்கு எப்ப பெருகணும், எப்ப சும்மா இருக்கணும்னு யாரு சொல்றான்னு. நீ அப்படியே பூரிச்சுப் போய்ட்ட. உன் கூடப் படிக்கிறவங்ககூட அத இவ்வளவு நேரா கேக்கலன்ன. பக்கத்துல இருக்கறவங்கதாம்ப்பா சொல்றாங்கன்ன. அடியில இருக்கற செல்லு, நரம்பு, ரத்தக்குழாய், ஒட்டிக்கிட்டு இருக்கற அண்டை அயல் எல்லாம் சேந்து சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்குமாம். பேரெல்லாம் சொன்ன. விண்ட்டுன்னு ஒண்ணு, அது அளவா வந்தா செல்லு பெருகும், அளவு மீறினா அதுவே வம்பு. அதக் கொஞ்சம் அடங்குன்னு சொல்றதுக்கு இன்னொண்ணு. நாட்ச்சுன்னு ஒண்ணு, அது தூரத்துலேருந்து வர்ற சேதி இல்ல, பக்கத்துச் செல்லு தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் கேக்கும். விண்ட் வகையிலயே ஒரு சொல்லு நின்னு போச்சுன்னா, கருவிழிச் செல்லு தான் கண்ணுங்கறதையே மறந்து கையில கால்ல இருக்கற தோலு மாதிரி மாறிடும்னும் சொன்ன. கண்ணு மேல தோல் வளந்தா என்னத்தப் பாக்கறது.

அதோட விடல நீ. செல்லு உக்காந்திருக்கற எடமே பேசும்னு சொன்ன. அந்த விளிம்பு மெத்துன்னு இருக்கறவரைக்கும் ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாவே தங்கும், காயம் பட்டுத் தழும்பாகி இறுகிப் போச்சுன்னா அந்த இறுக்கமே ஒரு சிக்னல், செல்லு தன் வேலைய மறந்து வேற வழியில போயிடும். அதத்தான் நீ லேப்ல பாக்கற. தானமா வந்த கண்ணுல நடுக் கருவிழிய ஆபரேஷனுக்கு எடுத்த பிறகு மிச்சமாகிற வளையத்துலேருந்து செல்ல எடுத்து, மெத்துன்னு ஒரு படுக்கை, இறுக்கமா ஒரு படுக்கை, ரெண்டுலயும் வளத்துப் பாக்கறேன்ன. "எங்க குட்டையும் அதேதான். அடிமண்ணு கெட்டுப்போச்சுன்னா எந்தக் குஞ்ச வாங்கி விட்டாலும் தங்காது"ன்னாரு அப்பா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதப் பாத்தா எனக்குப் பொறாமையாகூட இருந்துச்சு. அன்னிக்குச் சோறு குழைஞ்சு போச்சு, ரெண்டு பேருமே ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டீங்க.

கல்யாணம் முடிவான பிறகு உனக்கு அவசரம் வந்துடுச்சு. மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, அவங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு, காரைக்கால்ல அப்படிக் குடும்பம் புதுசா என்ன. தாலி கட்டி, பேப்பர் வந்ததும் நீ பிரான்சுக்குக் கெளம்பிடுவ. அதுக்குள்ள செஞ்சுடணும்னு நீயே டாக்டரப் பாத்து, ரத்தம் குடுத்து, எல்லா டெஸ்டும் எடுத்து முடிச்சிட்டுத்தான் என்கிட்ட வாயத் தொறந்த. அப்பாவுக்கும் உனக்கும் நல்லாப் பொருந்துதாம். சொந்த ரத்தத்துலேருந்து எடுத்தா உடம்பு தள்ளிவிடறது கொறையும், இருந்தாலும் எதிர்ப்புசக்திய அடக்கற மாத்திரை ரொம்ப காலத்துக்குப் போட்டாகணும். உன் கண்ணு விளிம்புல எடுக்கறது அரிசிமணியவிடச் சின்னத் துண்டுதான், கொஞ்ச நாள்ல ஆறிடும். அந்தத் துண்ட இன்னும் பொடிசா நறுக்கி, அப்பா கண்ணுல தழும்ப நீக்கின எடத்துல ஒரு சவ்வப் போட்டு அதுமேல வைப்பாங்க. நான் வாத்தியார் மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன், நீயும் சளைக்காம சொன்ன. கடைசியா, கண்டிப்பா பார்வை வருமான்னேன். "கேரண்டி இல்லம்மா. அப்பா விளிம்பு ரொம்ப இறுகியிருக்கு. என் செல்லு நல்லா இருந்தாலும், அங்க இருக்கற அக்கம்பக்கம் அதுக்கு என்ன சொல்லும்னு தெரியாது"ன்ன.

நீ அடுத்தத சொன்ன. அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு, செத்தாலும் மாட்டாரு, அதனால கண் வங்கியிலேருந்து கெடச்சிருக்குன்னு நீ சொல்லிடும்மா, நீ சொன்னா அவரு நம்புவாரு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்ன. எந்த டாக்டருடி அதுக்கு ஒத்துக்குவாரு? ஆபரேஷன் பண்ணிக்கப் போற மனுஷன்கிட்ட எதுவும் சொல்லாம எவன் கத்திய எடுப்பான்? அதுகூட உனக்குத் தெரியாதா என்ன, தெரியும், ஆனா அப்பா விஷயம்னா உன் படிப்பெல்லாம் எங்கேயோ போயிடுது. மாப்பிள்ளைக்குத் தெரியும், அவரு தங்கமான புள்ள, சரின்னுட்டாரு. எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். கண்ணு யாருதோ அவருக்கு மட்டும் தெரியக்கூடாது. அதுவும் அந்தப் பொய்ய நான் சொல்லணும். ஏன்னா நான் சொன்னா நம்புவாரு.

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்களுக்கு ரெண்டாவது கல்யாண ஓலை வாசிச்சாங்க. சாமியார் உன் பேரு, மாப்பிள்ளை பேரு, ரெண்டு பேரோட பங்குக்கோயில் பேரும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருக்கறதா யாருக்காவது தெரிஞ்சா தெரிவிக்கணும்னு வாசிக்கறாரு. எல்லாக் கல்யாணத்துக்கும் வாசிக்கறதுதான், வருஷக்கணக்கா கேட்டுக்கேட்டு யாரும் காதுலயே வாங்கறதில்ல. நான் அன்னிக்குக் காதுல வாங்கினேன். உன் கல்யாணத்துக்குத் தடைன்னு ஒண்ணும் இல்ல, தெரியும். ஆனா அந்த வார்த்தை என்னப் பாத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. பக்கத்துல உங்கப்பா உக்காந்து, உன் பேரு வாசிச்சப்ப என் முழங்கைய லேசாத் தட்டறாரு, சந்தோஷத்துல. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ அவரு வாய் சிரிக்குது. நான் பொய் சொல்லப்போறேன்னு இவருக்கு எப்படித் தெரியும்னு நெனச்சேன். தெரியாதுங்கறதுதானே எல்லாத்துக்கும் வசதி.

நீ சொல்லிக்குடுத்த பாடத்தையே உன்கிட்ட திருப்பிச் சொல்றேன், கோவிச்சுக்காத. பக்கத்துல இருக்கறவங்க என்ன சொல்றாங்களோ அத வச்சுத்தான் செல்லு நடக்குது, தப்பான சொல்லு வந்தா நல்ல செல்லும் தப்பா போயிடும்னு நீதானே சொன்ன. உங்கப்பாவுக்குப் பக்கத்துல இருக்கறது நான் ஒருத்திதான். நான் சொல்றத வச்சுத்தான் அவரு கால எடுத்து வைக்கறாரு. அவரு உடம்புக்குள்ள போகப்போற ஒண்ண, காலம் பூரா மாத்திரை முழுங்கிக் காப்பாத்த வேண்டிய ஒண்ண, அது என்னன்னே தப்பாச் சொல்லிட்டா அப்புறம் நான் என்ன பக்கத்துல இருக்கறவ? "அம்மா, செல்லுக்கு மனசு கெடையாது, அதையும் இதையும் போட்டுக் குழப்பாத"ன்னு நீ சொல்லுவ. சொல்லிக்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும்தான் நான் பேச முடியும்.

ஆனா ஒண்ணு. அந்தப் பொய்ய சொல்லிடலாமான்னு எனக்கு ஆசையே வரலன்னு நெனைக்காத. வந்துச்சு. எனக்கு அலுத்துப் போச்சு பாப்பா. நாள் பூரா ஒருத்தருக்குக் கண்ணா இருக்கறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. சோத்துல எது எங்க இருக்குன்னு சொல்லணும், படி வருதுன்னு சொல்லணும், யாரு சிரிக்கறா எதுக்குச் சிரிக்கறான்னு சொல்லணும். ஒரு நாளாவது அவரு என்னப் பாத்து, "ஏன் இப்படி நரைச்சுப் போன?"ன்னு கேக்க மாட்டாரான்னு இருக்கு. அதே சமயம் உன் கண்ணும் நெனப்புக்கு வருது. நீ பொறந்தப்ப முதமுதல்ல கண்ணத் தொறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினத நான்தான் பாத்தேன். அதுல போய் ஒருத்தர் கத்திய வைக்கறதுக்கு, அது சின்னத் துண்டா இருந்தா என்ன, பெரிய துண்டா இருந்தா என்ன, நான் எப்படி சரின்னு தலையாட்டறது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அதுவும் வருமோ வராதோன்னு இருக்கற ஒரு பார்வைக்கு.

சரி, சொன்ன கதைக்கு வர்றேன். அன்னிக்கு மீன் கொழம்பு. தட்ட முன்னாடி வச்சிட்டு, பரிமாறாம, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னேன். சொன்னேன். நீ டெஸ்ட் எடுத்தது, பொருத்தம் வந்தது, கண் வங்கின்னு சொல்லச் சொன்னது, எல்லாம். முடிச்சதும், "எந்தக் கண்ணுலேருந்து?"ன்னாரு.

"இடது."

"அவளுக்குப் பார்வைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. சீக்கிரம் ஆறிடுமாம். ஆனா முழுசா ஒண்ணுமே ஆகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"எனக்கு வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். கேரண்டி இல்லன்னு அவளே சொல்லிட்டா."

அவரு கொஞ்ச நேரம் தட்டத் தடவிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சோத்தப் போடுன்னாரு. போட்டேன். முள்ள எடுத்துக்குடுத்தேன், சாப்பிட்டாரு. ரசம் வேணுமான்னு கேட்டேன், வேணும்னாரு. சரி, வேண்டாம்னு சொல்றதுக்கு இந்த மனுஷன் இவ்வளவு நேரம் எடுத்துக்கறாரு, புள்ள மனசு நோகாம எப்படி சொல்றதுன்னு யோசிக்கறாருன்னு எனக்குள்ள ஒரு நிம்மதி. ஆமா, நிம்மதிதான். கை கழுவக் கூட்டிக்கிட்டுப் போனேன். துண்டக் கையில குடுத்தப்ப சொன்னாரு, "வாங்கிக்கறேன்னு சொல்லிடு."

"என்னங்க சொல்றீங்க?"ன்னேன். "அவ குடுக்கறேன்னா நான் வாங்கிக்கறேன். எனக்குப் பாக்கணும்"னாரு. "வரலன்னா என்ன பண்ணுவீங்க, அவ கண்ணுலயும் கத்தி பட்டு, உங்களுக்கும் ஒண்ணும் ஆகலன்னா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். "வரலன்னா வரல. ஆனா கெடைக்கற எடம் ஒண்ணு இருக்கறப்ப வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. பொருந்துமான்னு அவகிட்ட நானே கேட்டிருப்பேன். அவ அன்னிக்கு விளிம்பு விளிம்புன்னு சொன்னப்பவே கேக்கத் தோணுச்சு. பெத்த புள்ளகிட்ட கண்ணக் குடுன்னு எப்படிக் கேக்கறது, வாய் வரல"ன்னாரு. துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு அங்கேயே நின்னாரு. உங்கப்பா அழுது நான் பாத்ததில்ல. சுண்ணாம்பு பட்ட அன்னிக்குக்கூட அழல.

இப்ப நான் சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. உள்ளத உள்ளபடி சொல்லணும்னுதான் சொன்னேன்னு இவ்வளவு பக்கம் எழுதினேன். அது நெஜம்தான், ஆனா அது மட்டும் இல்ல. உண்மையச் சொன்னா அவரு வேண்டாம்னுடுவாரு, உன் கண்ணு தப்பிச்சிடும்னு நெனச்சேன். நீயும் அவரு மறுத்துடுவாருன்னுதான் பொய் சொல்லச் சொன்ன, நானும் அவரு மறுத்துடுவாருன்னுதான் உண்மையச் சொன்னேன். அவருக்கு என்ன வேணும்னு நம்ம ரெண்டு பேருமே கேக்கல. அன்னிக்குப் பொழுது சாயறவரைக்கும் நான் அவருகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அவருக்கு மூஞ்சி தெரியாது, ஆனா தெரிஞ்சுக்கிட்டாரு.

நீ கெளம்பி வா. வந்து அப்பாகிட்ட நீயே பேசு. அவரு கேக்கறத நீயே கேளு, டாக்டர்கிட்டயும் ரெண்டு பேரும் சேந்தே போங்க, எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லச் சொல்லு. சம்பந்தி அம்மாகிட்டயும் கல்யாணத்துக்குத் தடை வந்துடும்னு பயந்துக்கிட்டு மறைக்காம நீயோ மாப்பிள்ளையோ சொல்லிடுங்க. உனக்கே பயமா இருந்தா, மனசு மாறினா, அதையும் என்கிட்ட சொல்லாம அவருகிட்டயே சொல்லு, அவரு தாங்கிக்குவாரு. நான் நடுவுல நின்னு இவரு சொன்னத அங்கயும் நீ சொன்னத இங்கயும் சொல்றது இத்தோட போதும்.

எழுதி முடிச்சு இத அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். அவரு மறுத்துடுவாருன்னு நெனச்சுத்தான் உண்மையச் சொன்னேங்கற எடம் வந்ததும் நிறுத்திட்டேன். மேல வாசின்னாரு. வாசிச்சேன். "அப்ப உனக்கு இதுல சம்மதம் இல்ல"ன்னாரு. இல்லங்கன்னேன். "அதையும் எழுதிடு. அவளுக்குத் தெரியட்டும்"னாரு.

எழுதிட்டேன். அவருக்கு வேணும். எனக்குச் சம்மதம் இல்ல.

அம்மா